பாவத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே

2013 டிசம்பர் 11 அன்று சுரேஷ்குமார் கௌஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய, நான்கரை ஆண்டுகளுக்கு முன் டெல்லி உயர் நீதிமன்றம் பல்லைப் பிடுங்கிப் போட்டிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, அன்றைக்கு மறுபடியும் உயிர் பெற்றது. டெல்லித் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனவர்களின் பட்டியலைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இந்தியாவின் மதங்கள் இவ்வளவு நெருக்கமாகத் தோளோடு தோள் நின்ற வழக்குகள் குறைவு. முதல் மனுதாரர் டெல்லிச் சோதிடர் ஒருவர். கிறித்தவ சபைகள் இருந்தன, அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் இருந்தது, மும்பை ராசா அகாடமி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு பெயர் உண்டு: தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம். 1995இல் தொடங்கி, ஆம்புலன்ஸ் சேவையாலும் ரத்ததானத்தாலும் மதம் கடந்து பலரும் அறிந்த அமைப்பு அது. மெக்காலே வரைந்து விக்டோரியா காலத்தில் வந்த ஒரு சட்டப் பிரிவைக் காப்பாற்ற அது ஏன் டெல்லி வரை போனது? இஸ்லாம் தன்பாலுறவை ஹராம் என்கிறது, அதனால் போனது என்று பலரும் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் முதல் பாதி சரி. 'அதனால்' என்ற சொல்தான் இடிக்கிறது. ஹராம் என்பதிலிருந்து 377க்கு இஸ்லாமியச் சட்ட மரபு நேர்வழி எதையும் போட்டுக் கொடுக்கவில்லை. அந்தப் பாதையைப் போட்டவன் வெள்ளைக்காரன்.

மறுக்க முடியாததை முதலில் சொல்லிவிட வேண்டும். லூத் நபியின் வரலாறு குர்ஆனில் அஃராஃப், ஹூத், ஹிஜ்ர், ஷுஅரா, நம்ல், அன்கபூத் என்று பல அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மக்தபில் ஓதிய பிள்ளைக்கெல்லாம் அந்த ஊர் தலைகீழாகப் புரட்டப்பட்ட கதை தெரியும். ஆணும் ஆணும் உடலுறவு கொள்வது பெரும்பாவம் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும், அதாவது சட்டப் பள்ளிகளுக்கும், ஷியாக்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லை. அண்மைக் காலத்தில் ஸ்காட் கூகல் போன்ற அறிஞர்கள் வேறுவிதமாக வாசித்திருக்கிறார்கள். லூத்தின் ஊரார் அழிந்தது வன்புணர்ச்சிக்காக, விருந்தாளியை மானபங்கப்படுத்த முயன்றதற்காக, தூதரை மறுத்ததற்காக என்பது 2010இல் வெளிவந்த கூகலின் நூலின் வாதம். கற்றுத் தேர்ந்தவரின் வாதம் அது. ஆனாலும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு உலமாக்களின் ஒருமித்த முடிவை அது அசைத்துவிடவில்லை. அதை ஏற்றால்தான் இங்கே முஸ்லிம் பிள்ளைகள் நிம்மதியாக வாழ முடியும் என்றால், அவர்கள் இன்னும் பல தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்தக் கட்டுரை அந்த வாதத்தின்மேல் நிற்கவில்லை. பாவம் என்று நம்புகிறவர் அப்படியே நம்பட்டும் என்று வைத்துக்கொண்டே மேலே போகலாம்.

பாவத்துக்கு இவ்வுலகில் தண்டனை என்ன என்று கேட்டதுமே இமாம்கள் பிரிந்துவிடுகிறார்கள். திருட்டுக்கும் விபச்சாரத்துக்கும் அவதூறுக்கும் குர்ஆன் தண்டனையை அளவிட்டுச் சொல்கிறது. லூத் கூட்டத்தின் செயலுக்கு நீதிபதி கொடுக்க வேண்டிய தண்டனை என்று வெளிப்படையாக எதையும் வகுக்கவில்லை. கொல்லச் சொல்லும் ஹதீஸ் ஒன்று இப்னு அப்பாஸிடமிருந்து இக்ரிமா வழியாக வருகிறது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் அது உண்டு, புகாரியிலும் முஸ்லிமிலும் இல்லை. அதன் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிப் பழைய அறிஞர்களே சர்ச்சை செய்திருக்கிறார்கள். அதை ஏற்காத இப்னு ஹஸ்ம், சில கசையடிகளுக்கு மேல் போகக் கூடாது என்றார். இமாம் மாலிக் கல்லெறி என்றார். இமாம் ஷாஃபியின் பள்ளி இதை விபச்சாரத்தோடு சேர்த்து வைத்தது. இமாம் அபூஹனீஃபா சேர்க்கவில்லை. நபித்தோழர்களே இதற்கு என்ன தண்டனை என்பதில் ஆளுக்கொன்று சொன்னார்கள், இது விபச்சாரமாக இருந்திருந்தால் அந்த வேறுபாடு எழுந்திருக்காது என்பது ஹனஃபி நூல்கள் தரும் காரணம். ஆகவே மாற்ற முடியாத 'ஹத்' தண்டனை இதற்குக் கிடையாது, நீதிபதி நிலைமை பார்த்து முடிவு செய்யும் 'தஃஸீர்'தான் என்றது அந்தப் பள்ளி. அபூஹனீஃபாவின் இரு பெரும் மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் ஆசானோடு உடன்படவில்லை. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவுக்கு ஹத் இல்லை என்பதில் மட்டும் நான்கு பள்ளிகளும் ஒன்றுபட்டன.

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டு வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். உள்நாட்டு ராவுத்தர்களும், ஆற்காடு நவாபுகளின் காலத்திலிருந்து சென்னையிலும் வேலூர்ப் பக்கத்திலும் வேரூன்றிய உருதுக் குடும்பங்களும் ஹனஃபிகள். தொழுகையில் கையைக் கட்டும் இடத்தில் தொடங்கி எத்தனையோ நுணுக்கங்களில் இந்த இரண்டு மத்ஹபுக்காரர்களும் தத்தம் இமாமை விட்டுக்கொடுக்காமல் வாழ்ந்தவர்கள். தன்பாலுறவுக்கான தண்டனை என்று வரும்போது மட்டும் அந்த வேறுபாடு யார் நினைவுக்கும் வருவதில்லை. 'இஸ்லாமியச் சட்டம் சொல்வது இதுதான்' என்று ஒற்றைக் குரலில் பேசும் பழக்கம் மரபிலிருந்து வந்ததென்று நான் நினைக்கவில்லை. அரசுச் சட்டத்தின் ஒற்றைத்தன்மையைப் பார்த்துப் பார்த்து மார்க்கச் சட்டத்துக்கும் அதே அச்சை வார்த்துவிட்டார்கள் என்றே படுகிறது.

தண்டனையைவிட முக்கியமானது, அதை எட்டும் வழி. விபச்சாரத்துக்கு இணையாக இதை வைத்த பள்ளிகள், செயலைக் கண்ணால் கண்ட நான்கு சாட்சிகளைக் கேட்டன. பிறர் குறையைத் துருவிப் பார்ப்பதைக் குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. இதை விளக்க இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் கலீஃபா உமரைப் பற்றிய ஒரு செய்தியை எடுத்தாள்கிறார். மதீனாவில் இரவு ரோந்து போகும்போது ஒரு வீட்டில் சந்தேகம் வந்து உமர் சுவரேறிக் குதிக்கிறார். உள்ளே ஒருவன் பாவத்தில் இருக்கிறான். பிடிபட்டவன் பயப்படவில்லை. நான் செய்தது ஒரு பாவம், நீங்கள் செய்தது மூன்று என்று எண்ணிச் சொல்கிறான்: துருவினீர்கள், வாசலை விட்டுச் சுவர் வழியாக வந்தீர்கள், அனுமதி கேட்காமலும் சலாம் சொல்லாமலும் நுழைந்தீர்கள். உமர் அவனை விட்டுவிட்டுப் போகிறார். உமரைவிட மார்க்கப் பற்று மிகுந்த ஆட்சியாளரை எந்த முஸ்லிமும் காட்ட முடியாது. அவரையே வாசலில் நிறுத்திவைத்த மரபு இது. பாவி அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லட்டும், ஊரைக் கெடுக்கும்படி வெளிச்சத்துக்கு வந்தால் அப்போது பார்ப்போம் என்பதுதான் அதன் நடைமுறை. முஸ்லிம் அரசுகளின் நீண்ட வரலாற்றில் இதற்காகத் தண்டனை நிறைவேறியதாகப் பதிவுகள் அரிதாகவே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

இதோடு 377ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலேயர் வந்து வெகுகாலம் வரை கம்பெனியின் மாவட்டக் குற்றவியல் நீதிமன்றங்களில் நடந்தது, அவர்கள் திருத்தித் திருத்தி வைத்திருந்த இஸ்லாமியக் குற்றவியல் சட்டம்தான். சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அதைத்தான் அடிப்படையாக வைத்தன. காஜிகளும் முஃப்திகளும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஃபத்வா எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்தவை ஹனஃபி நூல்கள். ஔரங்கசீப் காலத்தில் தொகுத்த ஃபதாவா ஆலம்கீரியும் இந்தச் செயலை தஃஸீர் என்றே வைத்தது. மென்மையான சட்டம் என்று அதை நான் சொல்ல வரவில்லை. அதையே வழக்கமாக்கிக்கொண்டவனை ஆட்சியாளர் கொல்லலாம் என்ற இடமும் அந்த மரபில் உண்டு. ஆனால் தண்டனை ஆளையும் நிலைமையையும் பார்த்து முடிவானது. 1862 ஜனவரி 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்தக் காஜிகளின் வேலை போயிற்று. இயற்கைக்கு மாறான உடலுறவு என்ற ஒரே தலைப்பின்கீழ், யார், எங்கே, சம்மதமா இல்லையா என்ற கேள்வி ஏதுமின்றி, ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று எழுதி வைத்தது 377. நான்கு சாட்சி வேண்டாம், ஒரு காவலரின் சந்தேகம் போதும். 2009இல் அதைக் காக்கப் போன முஸ்லிம் அமைப்புகள், தம் சொந்த மரபின் காஜிகளை வெளியேற்றிய சட்டத்துக்காக நின்றன.

ஈரானும் சவூதி அரேபியாவும் மரண தண்டனை வைத்திருக்கின்றனவே, அங்கே மெக்காலே போகவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 377 ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஈரானின் இன்றைய சட்டம் 1979 புரட்சிக்குப் பின் எழுதியது, மார்க்க அறிஞர்கள் கைப்பட எழுதியது. அதன் வேர்கள் ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்ட நூல்களில் இருப்பதை மறுக்க இடமில்லை. ஆனால் அந்த நூல்களில் அறிஞரின் கருத்தாகவும் மாற்றுக் கருத்தாகவும் கிடந்ததை எடுத்து, காவல்துறையும் சிறையும் கண்காணிப்பும் கொண்ட நவீன அரசின் கையில் பிரிவு எண்ணோடு கொடுத்தது புதிய வேலை. மறுபக்கமும் இருக்கிறது. கலீஃபாவின் பேரரசான உஸ்மானிய அரசு 1858இல் பிரெஞ்சு மாதிரியைப் பார்த்து எழுதிய தண்டனைச் சட்டத்தில் இரு பெரியவர்கள் சம்மதித்துக் கொள்ளும் உறவுக்குத் தண்டனை இல்லை. இன்றைய துருக்கியிலும் ஜோர்டானிலும் இல்லை. உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் இந்தோனேசியாவில், அச்சே மாகாணம் நீங்கலாக, தேசியச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு இருந்ததில்லை. அதை ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், மலேசியா மூன்றிலும் 377 அதே எண்ணோடு இருக்கிறது. பௌத்தப் பெரும்பான்மை இலங்கையில் அதன் தம்பி 365 என்ற எண்ணில் 1883 முதல் இருக்கிறான். இந்த வரைபடத்தை மதத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. ஆண்டவர் யார், அரசுச் சட்டத்தை எழுதியவர் யார் என்பதையும் சேர்த்தால்தான் பிடி கிடைக்கிறது.

பண்பாட்டுச் சான்றுகளைத் தொடும்போது கூடுதல் கவனம் வேண்டும். 1500 முதல் 1800 வரையிலான அரபு நாடுகளைப் பற்றி காலித் அல்-ரூவைஹிப் 2005இல் எழுதிய நூல் இங்கே பெரிய உதவி. ஒரே ஆலிம் உடலுறவைக் கடுமையாகக் கண்டிப்பார், அழகிய இளைஞனை நினைத்துக் காதல் கவிதையும் எழுதுவார், இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவருக்கோ அவர் காலத்தவருக்கோ தோன்றாது. காரணம், அவர்கள் பிரித்துப் பார்த்தது ஆட்களை அல்ல, ஈர்ப்பையும் செயலையும். பாபர் தம் நினைவுக் குறிப்பில் ஆந்திஜான் கடைத்தெருப் பையன் ஒருவன்மேல் மனம் பறிகொடுத்ததை ஒளிக்காமல் எழுதுகிறார். லாகூரில் சூஃபி ஷா ஹுசைனும் மாதோ லாலும் பக்கத்துப் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். அங்கே இன்றும் விளக்குத் திருவிழா நடக்கிறது. ரூத் வனிதாவும் சலீம் கித்வாயும் 2000இல் தொகுத்த நூலில் இப்படிப்பட்ட இந்தியச் சான்றுகள் நிறைய உண்டு. தமிழில் குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணிக் கண்ணியைச் சிலர் இந்த வரிசையில் சேர்க்க ஆசைப்படலாம். சேர்க்கக் கூடாது. இறைவனைப் பெண்ணாக்கி உருகும் பாடல் அது, நாயகன் நாயகி பாவனையின் முஸ்லிம் கிளை. அதை வைத்து யாருடைய இச்சையையும் நிறுவ முடியாது.

இந்தப் பழைய சகிப்பைப் பொற்காலமாக்குவதும் தவறு. அரசவைகளிலும் கவியரங்குகளிலும் பேசப்பட்ட காதல் பெரும்பாலும் வளர்ந்த ஆணுக்கும் மீசை முளைக்காத பையனுக்கும் இடையிலானது, பல இடங்களில் எசமானனுக்கும் அடிமைக்கும் இடையிலானது. அந்தப் பையன்களின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. இன்று அதற்குப் பெயர் குழந்தைகள்மீதான பாலியல் கொடுமை. போக்சோ சட்டம் அதைத் தண்டிக்கிறது, தண்டிக்கத்தான் வேண்டும். ஆகவே அந்த இலக்கியத்தை முன்மாதிரியாக அல்லாமல், மனச்சாய்வைச் செயலிலிருந்து பிரித்துப் பார்த்ததற்கான சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே அந்தப் பிரிவினை இருக்கிறது. ஜும்ஆ பயானிலும் நாளிதழ்களிலும் புழங்கும் 'ஓரினச்சேர்க்கை' செயலைக் குறிக்கும் சொல். சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022இல் தமிழக அரசு வெளியிட்ட சொற்பட்டியலின் வழி பரவிவரும் 'தன்பாலீர்ப்பு' மனத்தின் சாய்வைக் குறிப்பது. யாரையும் தொட்டிராத பதினெட்டு வயதுப் பையனை முதல் சொல்லால் அழைப்பது அவன் செய்யாததை அவன்மேல் ஏற்றுவது. ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இது புரியாத நுணுக்கம் அல்ல.

திருநங்கைகளின் நிலை இதிலிருந்து வேறு. அவர்கள் கூடிப் பேசி வழக்குத் தீர்க்கும் சபைக்குத் தமிழகத்திலும் 'ஜமாத்' என்றே பெயர். பள்ளிவாசல் ஜமாத்தின் அதே சொல் அங்கேயும் புழங்குவது, வடக்கிலிருந்து வந்த ஹிஜ்ரா மரபில் முஸ்லிம் பண்பாடு எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைக் காட்டும். ஈரானில் பால்மாற்ற அறுவைக்குக் கொமேனி ஃபத்வா கொடுத்தார், அதே ஈரான் தன்பாலுறவுக்குத் தூக்கு வைத்திருக்கிறது. ஒன்றுக்குக் கிடைத்த ஏற்பை மற்றதற்கும் கிடைத்ததாகக் கணக்கெழுத முடியாது.

377 போய்விட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, வயது வந்தவர்கள் சம்மதித்துக் கொள்ளும் உறவை அதிலிருந்து விடுவித்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீதிமன்றத்துக்கு வந்து பேசப்பட்ட வழக்குகளைக் கவனித்தால், அவற்றில் பெண்களே முன்னிற்கிறார்கள். எதிர்த்தரப்பில் நிற்பது குடும்பம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான ஆணை பிறப்பித்தார். காணாமற்போனதாகப் புகார் வந்து, விசாரித்தால் சம்மதித்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவின்றிப் புகாரை முடிக்க வேண்டும் என்றது அது. 2022 மே 31 அன்று கேரள உயர் நீதிமன்றம், குடும்பம் பிரித்துவைத்த இரண்டு முஸ்லிம் பெண்களை மீண்டும் சேர்த்துவைத்தது. சவூதியில் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே பழகியவர்கள் அவர்கள். 2025 மே மாதம், வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவரைப் பெற்றோர் அடைத்துவைத்த வழக்கில், தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது சென்னை உயர் நீதிமன்றம். பெண்களுக்கு ஹத் இல்லை என்று எல்லா இமாம்களும் சொன்ன விஷயத்தில்தான் இன்று வீட்டுச் சிறை மிகக் கடுமையாக இருக்கிறது. நூலில் இல்லாத தண்டனையை வீடு கொடுக்கிறது.

மசூதிக்கும் ஹிஜாபுக்கும் உணவுக்கும் ஆபத்து வந்திருக்கும் காலத்தில், முஸ்லிம்களிடம் போய் இதைப் பேசுவது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா? இந்த எதிர்ப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சமூகத்தைக் குறைசொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், தன்பாலீர்ப்பாளர்மீது திடீர்ப் பாசம் காட்டி முஸ்லிம்களை இழிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஹாதியா வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். சேலத்தில் ஹோமியோபதி படித்த அந்தப் பெண் இஸ்லாத்தைத் தழுவி ஒரு முஸ்லிமை மணந்தார். தகப்பனாரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2017இல் திருமணத்தை ரத்து செய்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. 2018இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த பெண் யாரோடு வாழ்வது என்பதை அவரே முடிவு செய்வார் என்று அதைத் திருத்தியது. முஸ்லிம் அமைப்புகள் அதை வரவேற்றன. அந்தத் தீர்ப்பைச் சொன்ன தீபக் மிஸ்ரா, கான்வில்கர், சந்திரசூட் மூவரும் சில மாதங்களில் 377 அமர்விலும் உட்கார்ந்தார்கள். ஹாதியா தீர்ப்பு அங்கே மேற்கோளானது. தகப்பன் வீட்டுக் கதவை ஹாதியாவுக்காகத் திறந்த சாவியேதான் அந்தக் கேரளப் பெண்கள் இருவருக்கும் திறந்தது. ஒருத்திக்குச் சரி, மற்றவளுக்குத் தவறு என்றால் சாவியே செல்லாது. சிறுபான்மைக்கு அரசியல் சட்டத்தின் தனிமனித உரிமையைவிட உறுதியான கூரை இந்த நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

நிக்காஹ் செய்துவை என்று பள்ளிவாசலை யாராவது கட்டாயப்படுத்துவார்களோ என்ற அச்சத்துக்கும் இடமில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றமே ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஜமாத்தின் கையில் இருக்கும் உண்மையான அதிகாரம் வேறு: ஊர் விலக்கு. தக்கலையில் ஒரு கட்டுரைக்காக 2007இல் கவிஞர் எச்.ஜி. ரசூலை ஜமாத் விலக்கி வைத்தது. கட்டுரைக்கே அது என்றால், ஓடிப்போன மகளைத் திரும்பக் கூட்டிவராத தகப்பன் எதை எண்ணி நடுங்குவான் என்பதை ஊகிக்கலாம். அந்தத் தகப்பன் மகளைத் தேடி வரும் இடங்களில் ஒன்று சென்னையின் மேற்குப் புறநகர். அங்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் காவல் நிலையங்கள் 2022 ஜனவரியில் புதிய ஆவடி ஆணையரகத்தின்கீழ் வந்தன. அடுத்த மாதமே, தன்பாலீர்ப்பாளர் போன்றவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற 24சி விதி காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்தது. தொழிற்பேட்டையையும் ஐ.டி. நிறுவனங்களையும் நம்பி வெளியூர்ப் பெண்கள் விடுதியில் தங்கும் பகுதி இது, தேடிக்கொண்டு வரும் குடும்பங்கள் ஏறும் படி அந்த நிலையங்களின் படி. தகப்பனோடு ஜமாத் செயலாளரும் வந்தால் அவரிடம் யாரும் ஃபத்வா கேட்கப் போவதில்லை. வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போகும் பெண்ணின் படிப்புச் சான்றிதழ்களும் ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அவை இல்லாமல் அவளுக்கு வேலையும் இல்லை, வாடகை அறையும் இல்லை. அவற்றை எடுத்துக் கொடுங்கள் என்று ஆய்வாளர் சொன்னால் தகப்பன் வக்கீலைத் தேடுவான், செயலாளர் சொன்னால் சாவியைத் தேடுவான்.